இருதயத்துக்கும் ஒரு பரீட்சை

எங்கள் கல்லூரியில் ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஆசிரியர்களுக்கென்றும் ஓர் ஓட்டம் உண்டு. நூறு மீற்றர் தூரந்தான். ஆயினும், காலை முதல் மாலை வரை மாணவர் ஓடிய ஓட்டங்கள் எல்லாவற்றுக்கும் எழாத ஆரவாரம் அந்த ஒன்றுக்கு எழும். வகுப்பில் உருட்டி விழிக்கும் கணித ஆசிரியர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவரும் காட்சி பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருமுறைதானே கிடைக்கிறது! சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு நடந்த அவ்வோட்டத்தில் நான் கடைசியாக வந்தேன். அப்பொழுது எனக்கு வயது 46.

அடுத்த போட்டிக்கு முன்னர் உடம்பைச் சீர்செய்துவிடுவதென்று தீர்மானித்தேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, புதிதாக வாங்கிய சப்பாத்துகளை அணிந்துகொண்டு மைதானத்தில் இறங்கினேன். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கும் கதிரைக்கும் இடையிலுள்ள தூரத்தையன்றி வேறெதனையும் விரைந்து கடந்தறியாத உடம்பு அது. அதனை முதல்நாளே மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓடவைத்தேன்.

மூன்றாம் நாள், இரண்டாவது சுற்றில், நெஞ்சின் நடுவே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது போன்ற ஓர் உணர்ச்சி தோன்றியது. நோவென்று சொல்ல முடியாது. தாடைவரை ஏறிய ஒரு கனம். நின்றேன். இரண்டு மூன்று நிமிடங்களில் மறைந்துவிட்டது. வாய்வு என்று முடிவு செய்து, முதல்நாள் இரவு உண்ட மரவள்ளிக்கிழங்கின்மேற் பழியைப் போட்டேன். மறுநாளும் அவ்வாறே வந்தது. அன்று இரவு கிழங்கு உண்ணவில்லை. ஆகவே பழி பருப்பின்மேற் சென்றது.

நம்மவரிடையே வாய்வு என்னும் சொல் ஆற்றிவரும் சேவை அளப்பரியது. தோள் நொந்தாலும் வாய்வு, விலா குத்தினாலும் வாய்வு, நெஞ்சு அடைத்தாலும் வாய்வு. பெயரைச் சொன்னவுடன் பயம் போய்விடுகிறது. உள்ளியும் பெருங்காயமும் அடுப்படியிலேயே இருக்கின்றன. வைத்தியரிடம் போகவேண்டிய தேவையும் இல்லாமற் போகிறது. என் தந்தையாரும் வாய்வினால் இறந்தவர் என்றே எங்கள் வீட்டிற் சொல்லிவந்தோம். அது 1994ஆம் ஆண்டு. தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து திண்ணையிற் சாய்ந்தவர் நெஞ்சைத் தடவியபடி, “வாய்வுக் குத்து” என்றார். அம்மா இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் கொடுத்தார். ஒரு மணி நேரங் கழித்து அயலவர் இருவர் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் புறப்பட்டனர். குடாநாட்டில் எரிபொருள் அரிதாயிருந்த காலம். மோட்டார் வண்டி எதுவும் அகப்படவில்லை. பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு 49 வயது. பதினாறு வயதுப் பையனாகிய நான் அந்தச் சைக்கிளின் பின்னே ஓடிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை. ஓட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு, நெஞ்சு நோகிறதென்று சொல்வதற்கு வெட்கம். ஆனால் ஒரு கிழமைக்குள் நான்கு முறை உள்ளி இரசம் கேட்ட கணவனைச் சந்தேகியாத மனைவி எங்கேனும் உளரோ? ஒருநாள் இரசத்தை வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “இஞ்சருங்கோ, ஓடுற நாளில மட்டுந்தான் உங்களுக்கு வாய்வு வருகுதோ?”

நான் விடை சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடாதிருந்தேன், வாய்வும் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை அவள் என்னை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். அவர் ஒருகாலத்தில் என் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவர். எழுந்து நின்று வரவேற்றார். பிறகு இருந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். ஓடினால் மட்டுமா, விரைந்து நடந்தாலும் வருமா? நின்றபின் எத்தனை நிமிடத்திற் போகிறது? கை, கழுத்து, தாடை எங்கேனும் பரவுகிறதா? சிகரெட் உண்டா? சலரோகம் உண்டா? பிறசர் பார்த்தது எப்போது? கடைசியாக, “அப்பா எத்தினை வயசில மோசம் போனவர், சேர்? என்ன வருத்தம்?” என்றார். நாற்பத்தொன்பதில், வாய்வினால், என்றேன். அவர் பேனையை மேசைமேல் வைத்துவிட்டு என்னை நோக்கினார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து காரணங் கூறும் மாணவனை நான் இருபது ஆண்டுகளாக நோக்கிவந்த அதே பார்வை.

அங்கேயே ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள். குற்றம் எதுவும் இல்லை. எனக்கு உடனே உற்சாகம் பிறந்துவிட்டது. “அப்படியானால் ஓடலாந்தானே?” என்றேன். “இது சேர் படுத்திருக்கேக்கை எடுத்த படம். ஓடேக்கை என்ன நடக்குதெண்டு பார்க்க வேணும். அதுவரைக்கும் மைதானத்துப் பக்கம் போகாதேங்கோ” என்றார் வைத்தியர்.

படுத்திருக்கும் இருதயத்துக்கும் ஓடும் இருதயத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன? இருதயம் உடம்பு முழுவதற்கும் குருதியை அனுப்புகிறது. ஆனால் தனக்கு வேண்டிய குருதியைத் தன் அறைகளில் நிறைந்திருப்பதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருநாடியிலிருந்து முதன்முதற் பிரியும் முடியுருநாடிகள் இரண்டும் கிளைவிட்டு இருதயத் தசையை ஊட்டுகின்றன. சுகதேகி ஒருவர் ஓடும்பொழுது இந்நாடிகள் விரிந்து, ஓய்வில் ஓடுவதைப் போல நான்கு ஐந்து மடங்கு குருதியைக் கொண்டுசெல்ல வல்லவை. நாடியின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து குழாய் சுருங்கிவிட்டால் அந்த விரிவு இல்லாது போகிறது. கோடையில் நீர் வற்றிய கிணறு வீட்டுத் தேவைக்குப் போதும்; தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கினாலே குறை தெரியும். அவ்வாறே, குழாயின் பாதிக்கு மேல் அடைபட்டவரும் கதிரையில் இருக்கும்வரை யாதொரு குறையுமின்றி இருக்கலாம், அவருடைய ஈ.சீ.ஜீ. படமும் அழகாகவே இருக்கும். படியேறும்போதோ ஓடும்போதோ தசைக்கு ஒட்சிசன் போதாமற் போகிறது. அந்த முறைப்பாடே நெஞ்சிறுக்கம். நின்றவுடன் தேவை குறைகிறது; முறைப்பாடும் நிற்கிறது. உழைப்பில் வந்து ஓய்விற் போவது என்ற இவ்வொழுங்குதான் வைத்தியர் தேடிய அடையாளம். என் மனைவி அதனை இரசக் கிண்ணத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆகவே உழைக்கும் இருதயத்தைப் படம்பிடிக்க வேண்டும். இருதயத்தின் மின்னோட்டத்தைச் செம்மையாகப் பதியும் கருவியை ஒல்லாந்து தேசத்தவராகிய வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து, அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். நோயாளியை உழைக்கவைத்துப் பார்க்கும் முறையை 1929இல் அமெரிக்க வைத்தியர் ஆதர் மாஸ்ரர் (பெயரே மாஸ்ரர்!) ஒழுங்குபடுத்தினார். ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகளில் ஏறி இறங்கச் செய்வதே அவருடைய முறை. இன்று உலகெங்கும் வழங்கும் முறை சியாற்றில் நகரத்து றொபேட் புறூஸ் என்பவருடையது. 1963இல் அவர் வெளியிட்ட திட்டப்படி நோயாளி நகரும் பட்டையொன்றின்மேல் நடக்க, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வேகமும் சாய்வும் கூடிக்கொண்டே போகும். காலால் மிதித்துச் சுழற்றும் ஆலையை 1818ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிற் என்ற பொறியியலாளர் அமைத்தது சிறைக்கைதிகளை வருத்துவதற்காக. அதன் வழிவந்த பெயரைத் தாங்கும் ‘ட்ரெட்மில்’லில் இன்று நாம் மாதப் பணங் கட்டி ஏறி நடக்கிறோம் என்பது வேடிக்கைதான்.

‘ஸ்ட்ரெஸ் ரெஸ்ற்’ என்று வழங்கும் இந்தப் பளுப் பரிசோதனைக்கு எனக்கு மூன்று வாரங் கழித்தே நாள் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் நான் படித்தது ஒரு மனிதரின் கதையை.

அமெரிக்காவில் ஜிம் பிக்ஸ் என்றொருவர் இருந்தார். அவருடைய தந்தையார் பத்திரிகை ஆசிரியர். 35 வயதில் முதலாவது மாரடைப்பும் 43 வயதில் மரணமும் கண்டவர். மகனும் நாளொன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் புகைப்பவராய், இருநூறு இறாத்தலுக்கு மேல் நிறையுள்ளவராய் இருந்தார். 35 வயதில் ஓடத் தொடங்கினார். சிகரெட்டை விட்டார், உடம்பு மெலிந்தது. 1977இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் இலட்சக்கணக்கில் விற்று, அமெரிக்கரை வீதிக்கு இறக்கி ஓடவைத்தது. 1984ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி வேர்மொன்ற் மாநிலத்தில் ஹாட்விக் என்னும் ஊரருகே வழக்கம்போல் ஓடப் புறப்பட்டவர் வீதியோரத்தில் இறந்து கிடந்தார். வயது 52. பிரேதப் பரிசோதனையில் அவருடைய முடியுருநாடிகளுள் ஒன்று நூற்றுக்கு 95 அளவும் மற்றொன்று 85 அளவும் அடைபட்டிருந்தமை தெரியவந்தது.

ஓட்டமே அவரைக் கொன்றதென்று உலகிலுள்ள சோம்பேறிகள் யாவரும் அன்று மகிழ்ந்திருப்பர். உண்மை அதுவன்று. தந்தையைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக அவர் வாழ்ந்ததற்கு ஓட்டமும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு. என்னை உறுத்தியது வேறொன்று. தேகாப்பியாசத்தின் நன்மையை 1968இல் நூலாக எழுதிப் பிரசித்தி பெற்ற வைத்தியர் கெனத் கூப்பருடைய நிலையத்துக்கு, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் பிக்ஸ் சென்றிருந்தார். பட்டையில் ஏறிப் பரிசோதித்துக்கொள்ளுமாறு கூப்பர் அழைத்தார். பிக்ஸ் மறுத்துவிட்டார். நாள்தோறும் பல மைல் ஓடுபவனுக்குப் பரிசோதனை எதற்கு என்று அவர் எண்ணினாரோ, தந்தையின் கதை தம்முடைய கதையாக இருக்கக்கூடும் என்று அஞ்சினாரோ, அறியேன். இரண்டாவதாக இருப்பின், அந்த அச்சத்தை நான் நன்கறிவேன்.

பரிசோதனை நாளன்று காலை இலேசாக உண்டு, பின்னர் மூன்று மணி நேரம் வயிற்றை வெறுமையாக வைத்திருக்கச் சொன்னார்கள். தேநீர் கூடாது. ஓடுவதற்கேற்ற சப்பாத்து வேண்டும். கார்த்திகையில் வாங்கிய சப்பாத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திராது. வழக்கமாக மாத்திரை எடுப்பவர்கள் எதனை நிறுத்துவது, எதனை எடுப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; தாமாக நிறுத்துதல் ஆகாது. நெஞ்சிற் சில இடங்களில் மயிரை மழித்து, பத்து மின்வாய்களை ஒட்டினார்கள். கையில் பிறசர் பட்டி. ஒரு மூலையில், நின்ற இருதயத்தை மீட்டும் இயங்கவைக்கும் கருவி ஆயத்தமாக இருந்தது. அதைக் கண்டதும் தாதியிடம் சற்றுக் கலக்கத்துடன் விசாரித்தேன். 1971இல் வெளியான ஓர் ஆய்வில் ஏறத்தாழ 170,000 பரிசோதனைகளைக் கணக்கெடுத்தபோது, மரணம் பதினாயிரத்துக்கு ஒன்றென்ற அளவிலேயே இருந்ததென்பதைப் பிறகே அறிந்தேன். தாதி சொன்னது, “பயப்படாதேங்கோ, ஐயா, நாங்கள் பக்கத்தில நிக்கிறம்” என்பது மாத்திரமே. அதுவே போதுமாயிருந்தது.

முதல் மூன்று நிமிடம் மணிக்கு 1.7 மைல் வேகம். கோயில் வீதியைச் சுற்றிவரும் நடை. ஆனால் பட்டை நூற்றுக்குப் பத்துச் சாய்ந்திருப்பதால் அது மேட்டில் ஏறும் நடை. அடுத்த மூன்று நிமிடம் 2.5 மைல், சாய்வு பன்னிரண்டு. திரையில் என் இருதயம் வரைந்த கோடு மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவருடைய உச்ச நாடித்துடிப்பு அண்ணளவாகக் கிடைக்கும், எனக்கு 174. அதில் நூற்றுக்கு 85 அளவாகிய 148ஐத் தொட்டுவிட்டால் நல்லதென்றார்கள். மூன்றாவது கட்டம் 3.4 மைல், சாய்வு பதினான்கு. ஏழாவது நிமிடத்தில், துடிப்பு 130ஐத் தாண்டிய வேளையில், அந்தக் கயிறு மெல்ல இறுகத் தொடங்கியது.

அப்பொழுதும் நான் சொல்லவில்லை! இன்னும் பதினெட்டுத் துடிப்புத்தானே, தாண்டிவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும் என்னும் எண்ணம் ஆசிரியனை எவ்வளவு மூடனாக்குகிறது! ஆனால் நான் மறைத்தாலும் கோடு மறைக்கவில்லை. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் சமனாக ஓடவேண்டிய சிறு பகுதி தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வைத்தியர் பட்டையை நிறுத்தச் சொன்னார். “நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?” என்று அவர் கேட்டபோது, “கொஞ்சம்” என்றேன்.

பின்னர் கைமணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி முடியுருநாடிகளைப் படம்பிடித்தார்கள். ஒன்று பெரிதும் சுருங்கியிருந்தது. அவ்விடத்தில் ஒரு சிறு வலைக்குழாய் பொருத்தப்பட்டது. இரண்டு நாளில் வீடு திரும்பினேன். நாடோறும் மாத்திரைகள் உண்டு, கிழங்கும் உண்டு.

இக்கதையைக் கேட்டவுடன் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், 29 வயது இளைஞர், தாமும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்று அதே வைத்தியரிடம் ஓடினார். வைத்தியர் பிறசரைப் பார்த்து, குடும்பத்தை விசாரித்து, தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். இளைஞருக்கு வருத்தம். எனக்கும் முதலில் விளங்கவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தபின் விளங்கியது. மாணவர்கள் தாமும் போட்டுப் பார்க்கலாம்.

24,000 பேர்வரையில் உள்ளடங்கிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1989இல் வெளியிட்ட கணிப்பின்படி, இப்பரிசோதனை நோயுள்ளவர் நூறு பேரில் 68 பேரையே பிடிக்கிறது. நோயில்லாதவர் நூறு பேரில் 77 பேரையே சுகதேகிகள் என்கிறது. நோய்க்குறியற்ற இளைஞர் ஆயிரம் பேரைப் பட்டையில் ஏற்றுவோம். அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். பத்தில் ஏழு பேர் அகப்படுவர். மீதி 990 சுகதேகிகளுள் 228 பேர் வீணாக அகப்படுவர். ஆகவே ‘நோயுண்டு’ என்று முத்திரை குத்தப்பட்ட 235 பேரில் உண்மை நோயாளர் ஏழே பேர்! மற்றையோருக்கு வீண் பயமும், வீண் செலவும், வேண்டாத சோதனைகளும். இனி, என்னைப் போல நெஞ்சிறுக்கமும் குடும்ப வரலாறும் உள்ள ஆயிரம் பேரை ஏற்றுவோம். பாதிப்பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். அகப்படுவோர் 455, அவர்களுள் 340 பேர் உண்மை நோயாளர். கருவி ஒன்றே, யாரை அதில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் வாக்கு மெய்யாகிறது அல்லது பொய்யாகிறது. நோய்க்குறியும் ஆபத்தும் அற்றவர்களைச் சும்மா இப்பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டாமென்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2018இல் மீண்டும் கூறியதன் காரணமும் இத்தகையதே.

தேறிவிட்டவர் இருமாந்திருக்கவும் இடமில்லை. குருதியோட்டத்தைக் குறைக்கும் பெரிய சுருக்கத்தையே இது காட்டும். சிறு படிவொன்று திடீரென வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து அடைப்பதாலும் மாரடைப்பு வரும். அந்தச் சிறு படிவு நேற்றுப் பட்டையில் ஓடியபோது மௌனமாக இருந்திருக்கும்.

அப்படியாயின் யார் கேட்டுக்கொள்ள வேண்டும்? சும்மா நடக்க விரும்புகிறவர் யாரிடமும் உத்தரவு பெற வேண்டியதில்லை. பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகத்தில், நாளுக்குப் பத்து நிமிடத்திற் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்ல மெல்ல உயர்த்தலாம். நடையினாலும் படியேறுவதாலும் இருதயம் பெறும் நன்மையை 1953இலேயே இலண்டனில் ஜெரெமி மொறிஸ் என்ற வைத்தியர் காட்டியிருக்கிறார். இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் நாள்முழுதும் இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, ஏறி இறங்கிச் சீட்டு விற்ற நடத்துனர்களிடையே இருதய நோய் குறைவாக இருந்தது.

ஆனால் கதிரையிலிருந்து எழுந்தவுடன் ஓடப் புறப்படுபவர் விடயம் வேறு. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மாரடைப்புக்கு ஆளான 1,228 பேரை விசாரித்தது. கிழமைக்கு ஒருமுறையேனும் கடுமையாக உழைக்காதவருக்கு, அவ்வாறு உழைத்த ஒரு மணி நேரத்துள் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தினும் நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. கிழமைக்கு ஐந்து நாள் பழகியவருக்கு இரண்டரை மடங்கையும் எட்டவில்லை. ஆகவே நாற்பதைத் தாண்டியவர், சலரோகமோ பிறசரோ உள்ளவர், புகைப்பவர், தந்தை அல்லது சகோதரன் 55 வயதுக்கு முன்னரோ தாய் அல்லது சகோதரி 65 வயதுக்கு முன்னரோ இருதய நோய் கண்டவர் ஆகியோர் கடும் பயிற்சிக்கு முன் வைத்தியரைக் காணட்டும். பட்டையில் ஏறவேண்டுமா என்பதை அவர் தீர்மானிப்பார். உழைக்கும்பொழுது நெஞ்சு, தொண்டை, தாடை, கை எங்கேனும் இறுக்கமோ, இயல்புக்கு மீறிய இளைப்போ, மயக்கமோ வந்தால் எந்த வயதிலும் காத்திருக்கலாகாது. பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் நெஞ்சு நோவின்றி இளைப்பும் சோர்வும் மாத்திரமே வருவதும் உண்டு. ஓய்ந்திருந்தும் நோவு நீங்காவிடின் அது பரிசோதனைக்குரிய வேளையன்று. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும். 1994இல் எங்களுக்கு அது இருக்கவில்லை.

இவையெல்லாம் மேல்நாட்டாரின் கவலை என்று கூறுவோரும் உளர். இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தப்பெற்ற பேராய்வொன்றின் தென்னாசியப் பகுதி 2007இல் வெளியானது. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. ஏனையோருக்கு ஏறத்தாழ 59 வயதில். எங்கள் மக்களுக்கு ஆறு ஆண்டு முந்தி வருகிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நடுத்தர வயதினருக்கு நிறை, பிறசர், சீனி முதலியவற்றைப் பணமின்றிப் பார்த்து ஆபத்தைக் கணித்துச் சொல்லும் நிலையங்கள் நடைபெறுகின்றன. அங்கே போவதற்கு ஒரு காலை லீவு போதும்.

இவ்வாண்டு ஆசிரியர் ஓட்டத்தில் நான் ஓடவில்லை. முடிவுக் கோட்டருகே மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது மாலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். அடுத்த ஆண்டு ஓடலாமா என்று வைத்தியரிடம் கேட்டிருக்கிறேன். மீண்டும் பட்டையில் ஏற்றிப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது 43. அண்மையில் ஜிம் ஒன்றிற் சேர்ந்து பாரந் தூக்குகிறான். தந்தையார் இறந்தபோது அவன் சிறுபிள்ளை. வாய்வென்றே இன்றும் நம்புகிறான். ஒரு வைத்தியரைப் பார் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். “எனக்கு ஒண்டும் இல்லை, அண்ணை” என்கிறான். சென்ற கிழமை தொலைபேசியிற் பேசும்போது, பாரந் தூக்கினால் இடது தோள் சற்று உளைகிறது, சுளுக்காக இருக்கும் என்றான். தூக்காத நாளில் உளைகிறதா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தான். வருகிற புதன்கிழமைக்கு அவனுக்கு நாள் எடுத்திருக்கிறேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.